நம்ஜில்மா சொன்ன குஸ்தி

நம்ஜில்மாவுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. கல்யாண விருந்துக்குப் போனாலும் கறி வேகும்முன் எழுந்து குதிரைகளைப் பார்க்கப் போய்விடுவாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்ததோ ஷார்புலாக் தபால் நிலையத்தில் தொலைபேசி இணைப்பு கொடுக்கும் வேலை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு இணைப்புப் பலகைக்கு முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். கருவியின் ஒயர் எட்டுகிற தூரம் நாலடி. அந்த நாலடியில் இருபது வருஷமாக முன்னும் பின்னும் நடந்து, தரைப்பலகையில் பூசிய பெயின்ட் போய்விட்டது.

அவளுடைய அப்பா குஸ்திக்காரர். அண்ணன்மார் மூன்று பேரும் குஸ்திக்காரர்கள். பன்னிரண்டு வயது வரை அவளும் அவர்களோடு புல்வெளியில் கட்டிப் புரண்டாள். நடு அண்ணனை மூன்று முறை மல்லாக்கப் போட்டிருக்கிறாள். அதன்பிறகு, பெண்பிள்ளைக்கு மைதானத்தில் என்ன வேலை என்று விலக்கிவிட்டார்கள். அந்த ஆத்திரம் நாற்பத்திரண்டு வயதிலும் ஆறவில்லை. தூக்கத்தில் அவளிடம் இடுப்பில் உதை வாங்குவதாக, கால்நடை மருத்துவரான அவள் புருஷன் லுவ்சன் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான்.

மங்கோலியப் பையன்கள் ஜப்பானுக்குப் போய், சுமோ மேடையில் மலை மலையான ஆட்களைத் தள்ளி வீழ்த்த ஆரம்பித்திருந்த காலம் அது. தலைநகரத்தில் ஒரு சேனல் அதை நேரடியாகக் காட்டியது. அந்தச் சேனல் தலைநகரத்தைத் தாண்டவில்லை. மேற்குக் கோடியில் கிடந்த ஷார்புலாக்குக்கு வந்தது அரசுச் சேனல் ஒன்றுதான். அதையும் இருட்டிய பிறகு டீசல் இயந்திரத்தைப் போட்டால்தான் பார்க்கலாம். சுமோ நடப்பதோ பட்டப்பகலில், எங்கள் கணக்குக்கு இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை. அந்த நேரத்தில் ஊரில் ஒரு பல்பு எரியாது.

ஊருக்கு அது பெரிய கொடுமையாக இருந்தது. ஏனென்றால் அந்தப் பையன்களில் ஒருத்தன் எங்களூர்க்காரன். எர்கெம்பயார் என்று பெயர். ஜப்பானில் வேறு பெயர் வைத்திருந்தார்கள், அது யார் வாயிலும் நுழையவில்லை. ஷார்புலாக்கில் அவன் எர்கெம்தான். அவன் அம்மா துல்மா, ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி ஆட்டு மந்தையோடு கூடாரத்தில் இருந்தாள். மகன் போய் ஐந்து வருஷம் ஆகியும், அவன் ஒருதரம்கூட மேடையில் நின்று அவள் பார்த்ததில்லை.

இதற்கு வழி கண்டுபிடித்தவள் நம்ஜில்மா. அவளோடு தொலைபேசிப் பயிற்சி படித்த கந்த்சுரேன் தலைநகர இணைப்பகத்தில் வேலை பார்த்தாள். அங்கே ஓய்வறையில் டிவி இருந்தது, அதற்குப் பக்கத்துச் சுவரிலேயே ஒரு தொலைபேசியும் இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சுமோ நடக்கிற பதினைந்து நாளும் கந்த்சுரேன் டிவியைப் பார்த்துச் சொல்வாள். இவள் அதைக் காதில் வாங்கி, தபால் நிலையத்தில் கூடுகிற கூட்டத்துக்குச் சொல்வாள். இப்படி அரசாங்க இணைப்பைப் பிடித்து வைப்பது தப்பு என்று தபால் அதிகாரி தம்தினுக்குத் தெரியும். ஆனால் முதல் நாளே அடுப்புக்குப் பக்கத்து ஸ்டூலைப் பிடித்து உட்கார்ந்துகொண்டவர் அவர்தான்.

கந்த்சுரேன் சொல்வது ஒரு வரி. "மோதினாங்க, உன் ஆளு பெல்ட்டப் பிடிச்சான், வெளியே தள்ளிட்டான்." அந்த ஒரு வரி நம்ஜில்மா வாய்க்குள் போய் வெளியே வரும்போது ஆளே மாறியிருக்கும். தோள் மோதுகிற சத்தம் வரும், வலதுகை பெல்ட்டுக்கு அலையும், குதிகால் மணலில் உழுதுகொண்டு பின்னால் போகும். சின்ன வயதில் அண்ணன்மாரிடம் வாங்கியதும் கொடுத்ததும் எல்லாம் அதில் வந்து சேரும். ஒயர் இழுத்துப் பிடிக்க அந்த நாலடிக்குள் குதிப்பாள்.

ஜீப் ஓட்டுகிற சோய்ஜில் மட்டும் சீண்டுவான். "ஏ நம்ஜில், குஸ்தி போடறது அவனா நீயா?"

"வாய மூடுறா. இடதுகால் போயிடுச்சு... போயிடுச்சு... ஐயோ, திரும்பிட்டான்!"

துல்மா பேசவே மாட்டாள். குதிரையைக் கட்டிவிட்டு வந்து ஜன்னலோரம் நிற்பாள். உப்புப் போட்ட பால் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நம்ஜில்மாவின் வாயையே பார்ப்பாள். முடிந்ததும், "ஜெயிச்சானா? சரி," என்று கிளம்பிவிடுவாள்.

சேனலை ஊர்வரை நீட்டித் தரும்படி நம்ஜில்மா மாவட்டத்துக்கு மூன்று மனு எழுதினாள். முந்நூறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த வருஷம் என்று பதில் வந்தது. அடுத்த வருஷமும் அதே பதில் வந்தது. ஒவ்வொரு தபால் வண்டி வரும்போதும் அவள் முதலில் ஓடிப்போய்ப் பையைப் பிரிப்பாள். "பொறந்த வீட்டுச் சீர் வருதா?" என்பான் சோய்ஜில்.

ஜனவரி சுமோவின் எட்டாம் நாள் அது. ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமே பனி கட்டியிருந்தது. எர்கெம் ஐந்து வென்றிருந்தான், இரண்டு தோற்றிருந்தான். அன்று கந்த்சுரேனின் குரல் தாழ்ந்து வந்தது.

"நம்ஜில், அவனுக்கு முட்டி மடங்கிருச்சு. மேடைக்குக் கீழ விழுந்தான். எந்திரிக்க முடியல. சக்கர நாற்காலி கொண்டு வர்றாங்க."

கூட்டம் காத்திருந்தது. துல்மா டீயை உதட்டுக்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தி இவளைப் பார்த்தாள். அவளுக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர், அந்தக் குளிரில், தனியாகக் குதிரையில் போக வேண்டும்.

"தோத்துட்டான்," என்றாள் நம்ஜில்மா. "வெளியே தள்ளிட்டாங்க. எந்திரிச்சுக் கும்பிட்டுட்டுப் போயிட்டான்."

"சரி," என்றாள் துல்மா.

அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்றுதான் நம்ஜில்மா நினைத்தாள். கருவியைக் கழற்றுவதற்குள் மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அவசர இணைப்பு வந்தது. அதை முடித்து வெளியே ஓடினால், துல்மாவின் குதிரை ஊர் எல்லையைத் தாண்டியிருந்தது.

மறுநாள் துல்மா வழக்கத்தைவிட முன்னாலேயே வந்துவிட்டாள். "நேத்துத் தோத்தவன் இன்னிக்கு விடமாட்டான்," என்று தம்தினிடம் சொன்னாள். அவள் அவ்வளவு பேசியதே அதிசயம். எர்கெம் இனி இந்தமுறை வரமாட்டான் என்று கந்த்சுரேன் காதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நம்ஜில்மாவின் வாயோ வேறொன்றைச் சொன்னது. எர்கெம் வந்தான், சுமோ வழக்கப்படி மேடையில் உப்பை வீசினான், குனிந்தான். எதிராளி கழுத்தில் அடித்தான். எர்கெம் பின்வாங்கினான், விளிம்பில் குதிகாலை ஊன்றினான், அங்கிருந்து இடுப்பைத் திருப்பி அந்த மலையைத் தூக்கி எறிந்தான். அவள் சொன்ன குஸ்திகளிலேயே உயர்ந்தது அதுதான். கூட்டம் ஸ்டூலைத் தட்டிக் கத்தியது. சோய்ஜில்கூட சீண்ட மறந்தான். சொல்லி முடித்தபோது நம்ஜில்மாவின் முதுகில் வேர்வை ஓடியது.

அன்றிரவு லுவ்சனிடம் உண்மையைச் சொன்னாள். அவன் பூட்ஸைக் கழற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"நாளைக்குச் சொல்லிடு."

"நாளைக்குச் சொல்லிடறேன்."

பத்தாம் நாளும் எர்கெம் ஜெயித்தான். வானொலி பெரிய பெயர்களின் முடிவை மட்டும்தான் வாசிக்கும், அந்த அளவுக்கு எர்கெம் இன்னும் உயரவில்லை. செய்தித்தாள் வர ஒரு வாரம் ஆகும். அதனால் அவளைத் தடுக்க ஒன்றும் இல்லை. ராத்திரி படுக்கவும் முடியாமல் எழவும் முடியாமல் அடுப்பில் சாண வரட்டியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பதினொன்றாம் நாள், இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், அவள் கொல்லைப்பக்கம் போயிருந்தாள். மணி அடித்தது. தம்தின் கருவியை எடுத்துக் காதில் வைத்தார். அவருக்குக் காது சற்று மந்தம், அதனால் கேட்டதையெல்லாம் உரக்கத் திருப்பிச் சொல்கிற பழக்கம் உண்டு.

"யாரு? கந்த்சுரேனா? சொல்லும்மா... எர்கெமுக்கு என்ன? ஆப்பரேஷனா? முட்டியில ஆப்பரேஷன் முடிஞ்சிருச்சா? எந்த முட்டி? எட்டாம் நாள் விழுந்ததா?"

நம்ஜில்மா உள்ளே வந்தபோது எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். துல்மா மட்டும் பார்க்கவில்லை. கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"நாலு நாளா ஆஸ்பத்திரியில கிடந்திருக்கான்," என்றாள் மெதுவாக. "நீ எனக்கு அவன ஜெயிக்க வெச்சுக் காட்டிட்டிருந்த. நான் அங்க கூடாரத்துல ஆட்டுக்கு வைக்கோல் போட்டுக்கிட்டே சிரிச்சிட்டிருந்தேன்."

"அக்கா, உங்ககிட்ட எப்படி..."

"பேசாத. லைன் போட்டுக் குடு."

ஜப்பானுக்கு லைன் கிடைக்க மூன்று மணி நேரம் ஆனது. அதுவரை துல்மா உட்காரவில்லை. நம்ஜில்மா முதல்முறையாக அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் எர்கெம் பேசினான். இணைப்பு அறுந்துவிடாமல் பார்க்க வேண்டியிருந்ததால் இருவர் குரலும் நம்ஜில்மா காதில் விழுந்துகொண்டே இருந்தன.

"அம்மா, கத்தாத. எனக்கு நல்லாக் கேக்குது."

"சாப்பிட்டியா?"

"மீனாப் போடறாங்க."

"மீன் தின்னா முட்டி எப்படி ஒட்டும்?"

அவன் சிரித்தான், பிறகு அழுதான். துல்மா அழவில்லை. போகும்போது நம்ஜில்மாவின் பக்கம் திரும்பவும் இல்லை.

அதற்குப் பிறகு தபால் நிலையத்தில் கூட்டம் கூடவில்லை. யாரும் வெளிப்படையாகத் திட்டவில்லை. ஆனால் சோய்ஜில் ஒருநாள், "நேத்து என் மாடு பறந்துச்சுன்னு நம்ஜில் சொன்னா, நானும் நம்பிட்டேன்," என்றபோது எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். வீட்டுக்குப் போய்ச் சட்டியைத் தூக்கிப் போட்டு உடைத்தாள்.

பிப்ரவரியில் எங்கள் புதுவருஷப் பண்டிகை முடிந்த வாரம் துல்மா வந்தாள். தபால் நிலையக் கதவைத் திறந்து, வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னாள்:

"உன் வாயை இனி நான் நம்ப மாட்டேன். எனக்குக் கண்ணால பார்க்கணும். டிவிய இங்க வர வைக்க என்ன பண்ணணுமோ, அதை நீதான் பண்ணணும்."

"மூணு மனு போட்டாச்சு அக்கா."

"காகிதம் போச்சு. ஆள் போனியா?"

மறுநாளே சோய்ஜிலின் ஜீப்பில் மாவட்டத் தலைநகருக்குக் கிளம்பினார்கள். நூற்று நாற்பது கிலோமீட்டர். இரண்டு பெண்களும் பின்சீட்டில் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நம்ஜில்மா காலை மாற்றி மாற்றிப் போட்டாள், கையுறையைக் கழற்றி மாட்டினாள். பாதி வழியில் துல்மா, "அந்தக் காலை ஆட்டாம வாயேன், சீட்டே குலுங்குது," என்றாள். அந்தப் பயணத்தில் அவள் பேசியது அது ஒன்றுதான்.

மாவட்ட ஒளிபரப்பு அலுவலகத்தில் அதிகாரி டீ கொடுத்தார், உட்காரச் சொன்னார், அடுத்த வருஷம் என்றார்.

"போன வருஷமும் இதேதான் சொன்னீங்க, தலைவரே," என்றாள் நம்ஜில்மா.

"சேனலப் பிடிச்சுத் தர்ற கருவி வந்தாச்சும்மா. ஷெட்டுலதான் இருக்கு. மாட்டறதுக்குத் தெரிஞ்ச ஆள் இல்ல. நான் என்ன பண்ணட்டும்?"

நம்ஜில்மா எழுந்துவிட்டாள். உட்கார்ந்துகொண்டு பேசினால் அவளுக்கு வார்த்தை வராது.

"ஆள் இருக்கானே. போன மாசம் எங்க ஊருக்கு ஒயர் ரிப்பேருக்கு வந்தான். நீங்க போன் போட்டு, மச்சினன் வீட்டுல டிஷ் மாட்டணும், அத விட்டுட்டு உடனே ஓடி வான்னு சொன்னீங்க. லைன் குடுத்தது நான்தான்."

அதிகாரியின் காது சிவந்தது. "ஒட்டுக்கேக்கறது குத்தம், தெரியுமா?"

"தெரியும் தலைவரே. அதனாலதான் இன்னும் யார்கிட்டயும் சொல்லல."

துல்மா டீக்கோப்பைக்குள் இருமினாள். அது இருமல் அல்ல, சிரிப்பு என்று நம்ஜில்மாவுக்கு மட்டும் தெரிந்தது. வெயில் காலம் பிறந்ததும் ஆளை அனுப்புவதாக அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். திரும்பும் வழியில் துல்மா மடியிலிருந்து காய்ந்த தயிர்க்கட்டி ஒன்றை எடுத்து, பார்க்காமலே பக்கத்தில் நீட்டினாள். கல் மாதிரி இருந்தது அது. ஊர் வருகிறவரை நம்ஜில்மா அதைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

ஜூன் கடைசியில்தான் ஆள் வந்தான். வருகிறானா இல்லையா என்று அதுவரை நம்ஜில்மா மாவட்டத்துக்குத் தினம் ஒரு இணைப்புப் போட்டாள். ஆற்றில் வெள்ளம் என்றார்கள், வண்டி அச்சு முறிந்தது என்றார்கள். கடைசியில் அவன் வந்து குன்றின்மேல் கருவியை மாட்டினான். வட்டாரத் தலைவருக்கும் சுமோ பைத்தியம் உண்டு என்பதால், அந்தப் பதினைந்து நாளும் பகலில் டீசல் இயந்திரத்தை ஓட்ட அவர் மறுக்கவில்லை.

ஜூலை சுமோவின் முதல் நாள், கலைக்கூடத்தில் ஊரே கூடியது. மேடைமேல் ஒரு டிவி. நம்ஜில்மா முன்வரிசையில் உட்காராமல் சுவரோரம் நின்றாள். அத்தனை வருஷம் சொல்லியிருக்கிறாள், ஒரு சுமோவைக்கூட அவளும் பார்த்ததில்லை.

இரண்டு பேர் குனிந்தார்கள். எழுந்தார்கள். மறுபடி குனிந்தார்கள். மோதினார்கள். ஒருத்தன் வட்டத்துக்கு வெளியே நின்றான். முடிந்துவிட்டது.

சோய்ஜில்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"இவ்வளவுதானா? அடிப்பாவி, இத நீ ஒரு பானை டீ ஆறிப்போற வரைக்கும் சொல்லுவியே!"

எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். ஜனவரியில் சிரித்த சிரிப்பு இல்லை இது. நம்ஜில்மாவுக்கு முகம் கொதித்தது.

"கொஞ்சம் இழுத்தேன்," என்றாள்.

"கொஞ்சமா? அந்த இடதுகால் எங்க? குதிகால் எங்க?"

"எல்லாம் இருந்துச்சு. உனக்குத்தான் பார்க்கத் தெரியல. அவன் மோதறதுக்கு முன்னாடியே வலது தோளைச் சாய்ச்சான் பாரு," என்று அவள் மேடையேறித் திரையைத் தொட்டே காட்டினாள். அடுத்த ஆட்டத்தில் சோய்ஜில் உற்றுப் பார்த்தான். "அட, ஆமா," என்றான்.

ஆனால் துல்மாவுக்கு அந்த ஜூலையில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆடாத நாட்களால் எர்கெம் இரண்டாம் வகுப்புக்கு இறங்கியிருந்தான். அவன் ஆட்டம் முடிந்த பிறகுதான் ஒளிபரப்பே தொடங்கும். அவள் பதினைந்து நாளும் வந்தாள். திரையில் சுமோ மேடைக்குப் பின்னால் நடமாடுகிற கூட்டத்தில் எங்காவது மகன் தலை தெரியுமா என்று பார்த்துவிட்டுப் போனாள். நம்ஜில்மா சும்மா இருக்கவில்லை. தலைநகரச் சேனலுக்கே போன் போட்டு, "ஒளிபரப்பை ஒரு மணி நேரம் முன்னாடி ஆரம்பிச்சா உங்களுக்கு என்ன குறைஞ்சிடும்?" என்று சண்டை பிடித்தாள். எர்கெமின் முடிவு என்ன என்று மட்டும் கந்த்சுரேனை விசாரிக்கச் சொல்லி, வந்ததை அப்படியே, ஒரு சொல் கூட்டாமல் துல்மாவிடம் சொன்னாள். "ஜெயிச்சான்." "தோத்தான்." "ஜெயிச்சான்." அப்படிச் சொல்வது அவளுக்கு நாக்கைக் கட்டிப் போட்ட மாதிரி இருந்தது. பத்து வென்று ஐந்து தோற்று, எர்கெம் மேலே ஏறினான்.

செப்டம்பரில் புல் மஞ்சளாகியிருந்தது. முதல் இரண்டு நாளும் காற்றில் குன்றுமேல் கருவி ஆடி, திரையில் வெறும் புள்ளிகள்தான் வந்தன. நம்ஜில்மாவே லுவ்சனை இழுத்துக்கொண்டு ஏறிப்போய், மாட்டுக்குக் கட்டுகிற கயிற்றால் அதை இறுக்கிக் கட்டிவிட்டு வந்தாள்.

மூன்றாம் நாள் படம் தெளிவாக வந்தது. எர்கெம் திரையில் தோன்றினான். துல்மா நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தாள்.

"எவ்வளவு கொழுத்துட்டான்," என்றாள். அவ்வளவுதான். பிறகு அவள் பார்வை முகத்திலிருந்து இறங்கி, முட்டியில் சுற்றியிருந்த வெள்ளைக் கட்டில் நின்றது. அதற்கப்புறம் அங்கிருந்து நகரவில்லை. உப்பு வீசினான், குனிந்தான். மோதல். எதிராளி தள்ளிக்கொண்டே வந்தான், எர்கெம் விளிம்புவரை போய், அங்கே பக்கவாட்டில் திரும்பி அவனைக் கைகளால் இழுத்துவிட்டான். எதிராளியின் மார்பு மணலில் பட்டது. கூடம் இடிந்து விழுகிற மாதிரி கத்தியது. சோய்ஜில் வட்டாரத் தலைவரையே கட்டிப்பிடித்துக்கொண்டான்.

சத்தம் அடங்குவதற்குள் திரையில் எர்கெம் மறுபடி மோதினான். இந்தமுறை மெதுவாக, தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி. மெதுவாகத் தள்ளப்பட்டான், அந்த முட்டி மெதுவாக மடங்கியது.

துல்மா எழுந்து நின்றுவிட்டாள். "ஒருதரம் ஜெயிச்சான்ல? போதாதா? அந்த முட்டியோட அவன ஏன் மறுபடி விடறாங்க?"

யாரும் சிரிக்கவில்லை. நம்ஜில்மா சுவரைவிட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றாள்.

"இது மறுபடி இல்ல அக்கா. முன்ன நடந்ததைத்தான் மெதுவாக் காட்டறாங்க. அவன் அப்பவே எந்திரிச்சுப் போயிட்டான்."

துல்மா அவள் முகத்தைப் பார்த்தாள். அது நிஜமா என்று தேடுகிற பார்வை. ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்ப இன்னொருதரம் போடச் சொல்லு," என்றாள்.

"நம்மகிட்ட கேட்டுப் போடமாட்டாங்க அக்கா."

"நீ கேட்டியா?"

திரையில் அதற்குள் வேறு இரண்டு பேர் உப்பை அள்ளிக்கொண்டிருந்தார்கள்.